உப்புப் பொட்டலத்தில் பிறந்த இசைத் தட்டு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் மரக்காணத்தை மறந்திருக்க மாட்டீர்கள். சவுக்குத் தோப்பும் தென்னந் தோப்புமாக வந்துகொண்டிருந்த சாலையில் திடீரென்று வானம் அகலமாகிவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாக உப்பளம். கரையோரத்தில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். நல்ல வெயிலில் அதைப் பார்த்தால் கண் கூசும்.

சென்ற பங்குனியில் நானும் என் பேத்தியும் அந்த வழியே காரில் போய்க்கொண்டிருந்தோம். இந்தக் காலத்துப் பெண் அல்லவா? காரில் ஏறியதிலிருந்து ஏதோ ஆங்கிலப் பாட்டாகப் போட்டுக்கொண்டே வந்தாள். நம் நாளில் இசைத் தட்டு, முள், சாவி என்று எத்தனை ஆர்ப்பாட்டம்! இப்போது கைபேசியை ஒரு தட்டுத் தட்டினால் போதும், பாட்டு வந்துவிடுகிறது. நான் காதைச் சாலைக்கும் கண்ணை வெளியிலும் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

மரக்காணம் நெருங்கும்போது பாட்டு மாறிற்று. தூக்கிவாரிப் போட்டது எனக்கு. சாக்ஷாத் தம்பூரா சுருதி! அதன் பின்னால் தில்ருபா மாதிரி ஒரு வாத்தியம் இழைந்து வந்தது. பிறகு தபலா. ஆனால் பாடுகிறவன் வெள்ளைக்காரன்!

“இது என்னடி?” என்றேன்.

“பீட்டில்ஸ், பாட்டி!” என்றாள்.

“அது சரி, அந்தத் தபலா வாசிப்பது யார்?”

பேத்தி கைபேசியைப் புரட்டிப் பார்த்தாள். நாலு வெள்ளைக்காரர் பெயர்தான் இருந்தது. “தபலாக்காரர் பெயர் போடவில்லையே!” என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே பெண்கள் வரிசையாக உப்புக் கூடைகளைத் தலையில் சுமந்துகொண்டு கரையேறிக்கொண்டிருந்தார்கள். நாம் வாங்கும் உப்புப் பாக்கெட்டின் மேல் கம்பெனியின் பெயர் இருக்கும், விலை இருக்கும், எடை இருக்கும். இவர்கள் பெயர் இருக்குமா? அந்தத் தபலாக்காரர் யாரென்று கண்டுபிடித்தே தீருவது என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன். தேடப் போன இடத்தில் கிடைத்த கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பெயர் வந்த விந்தை

அந்த இசைத் தட்டின் முழுப் பெயரைச் சொல்ல மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: ‘ஸார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் க்ளப் பாண்ட்.’ 1967-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1-ந் தேதி லண்டனில் முறைப்படி வெளியாயிற்று. சில நாள் முன்னதாகவே, மே 26-லேயே, கடைகளில் கிடைத்துவிட்டது என்பார்கள்.

இந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? 1966 நவம்பரில் பால் மெக்கார்ட்னி ஆப்பிரிக்காவில் கென்யாவுக்குச் சுற்றுலா போய்விட்டு விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். கூட இருந்தவர் மால் எவன்ஸ். இவர்களுடைய வாத்தியங்களைக் கட்டிக் காத்த உதவியாளர். சாப்பாட்டுத் தட்டில் ‘எஸ்’ என்றும் ‘பி’ என்றும் எழுத்துப் போட்ட இரண்டு சின்னப் பொட்டலங்கள் இருந்தன. உப்பு ஒன்று, மிளகுத் தூள் ஒன்று. “ஸால்ட் அண்ட் பெப்பர்” என்று எவன்ஸ் சொன்னது மெக்கார்ட்னியின் காதில் “ஸார்ஜண்ட் பெப்பர்” என்று விழுந்ததாம்! அந்தக் கற்பனை ஸார்ஜண்டுக்கு ஒரு மீசை, ஓர் உடுப்பு, ஒரு பாண்டு வாத்தியக் கோஷ்டி எல்லாம் மனசுக்குள் தயாராகிவிட்டன. மெக்கார்ட்னியே பல முறை சொன்ன கதை இது.

ஆக, உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கிய இசைத் தட்டு, ஒரு சிட்டிகை உப்பில் பிறந்தது. மரக்காணத்தில் அதைக் கேட்டது பொருத்தந்தானே?

லிவர்பூல் நால்வர்

பீட்டில்ஸ் என்பவர்கள் நாலு பேர். ஜான் லென்னன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிஸன், ரிங்கோ ஸ்டார். நால்வரும் இங்கிலாந்தில் லிவர்பூல் என்ற துறைமுக நகரில் சாதாரணக் குடும்பங்களில் பிறந்தவர்கள். இவர்கள் மேடை ஏறினால் பெண்கள் போட்ட கூச்சலில் பாட்டு யாருக்குமே கேட்காது, பாடுகிறவர்களுக்கே கேட்காதாம். அலுத்துப் போய், 1966 ஆகஸ்ட் 29-ந் தேதி அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ கச்சேரியோடு ஊர் ஊராகப் பாடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அதன் பிறகு லண்டனில் அபே ரோடு என்ற தெருவிலிருந்த இ.எம்.ஐ. கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் புகுந்துகொண்டார்கள். 1966 நவம்பர் கடைசியில் ஆரம்பித்த வேலை 1967 ஏப்ரலில்தான் முடிந்தது. அந்த நாளில் ஒரே நாளில் ஒரு முழு இசைத் தட்டைப் பதிவு செய்துவிடுவது சர்வ சாதாரணம். இவர்களோ மாதக் கணக்கில் உட்கார்ந்துவிட்டார்கள்! ஒலிநாடாவை வெட்டினார்கள், ஒட்டினார்கள், தலைகீழாக ஓட்டினார்கள். ஜான் லென்னன் ஒரு பழைய சாமான் கடையில் 1843-ஆம் வருஷத்து ஸர்க்கஸ் விளம்பரத்தை வாங்கி வந்து, அதிலிருந்த வாசகங்களையே பெரும்பாலும் வைத்து ஒரு பாட்டுக் கட்டினார். கடைசிப் பாட்டுக்கு நாற்பது வாத்தியக்காரர்களை வரவழைத்து, ஒவ்வொருவரும் தத்தம் வாத்தியத்தின் அடி ஸ்வரத்தில் ஆரம்பித்து உச்சி ஸ்வரம் வரை ஏறவேண்டும் என்றார்கள். வித்வான்கள் கச்சேரி உடையில் கோமாளி மூக்கு மாட்டிக்கொண்டு வாசித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இந்தக் கோலாகலங்களையெல்லாம் நின்று நிதானமாக ஒழுங்கு படுத்தியவர் ஜார்ஜ் மார்ட்டின் என்ற ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர். முறையாகச் சங்கீதம் படித்தவர்.

அறுந்த தந்தி

இனி நம் கதைக்கு வருவோம். நால்வரில் இளையவர் ஜார்ஜ் ஹாரிஸன். அவருக்கு ஸிதார் மேல் மோகம் பிறந்தது 1965-ல். அந்த வருஷம் அக்டோபரில் ஒரு பாட்டுக்கு ஸிதார் வாசித்துக்கொண்டிருந்தபோது தந்தி அறுந்து போயிற்று. லண்டனில் ஸிதார்த் தந்திக்கு எங்கே போவது? அப்போதுதான் ஆசிய இசை வட்டம் என்ற சங்கத்தின் பெயர் அடிபட்டது.

அந்தச் சங்கத்தை 1946-ல் ஆரம்பித்தவர்கள் ஒரு தம்பதி. கணவர் கர்நாடகத்தைச் சேர்ந்த ஆயன தேவ அங்காடி. மனைவி பெட்ரீஷியா என்ற ஆங்கிலப் பெண்மணி, சித்திரக்காரி. லண்டனில் ஃபின்ச்லி என்ற பேட்டையிலிருந்த இவர்கள் வீடுதான் சங்கத்தின் ஆபீஸ். உலகப் புகழ் பெற்ற வயலின் மேதை யெஹூதி மெனுஹின் சங்கத் தலைவராக இருந்தார் என்றாலும், வருகிறவர் போகிறவர்களுக்குச் சோறு போட்டுப் பாய் விரித்தது அந்த வீட்டம்மாள்தான். வீட்டில் ஒரு கச்சேரி வைத்தால் எத்தனை காபி கலக்க வேண்டியிருக்கும் என்று நம் சகோதரிகளுக்குச் சொல்லவா வேண்டும்?

டெலிபோனில் தந்தி கேட்டதும் அங்காடி குடும்பமே அதை எடுத்துக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் புறப்பட்டுப் போயிற்று. பதிவு நடக்க நடக்கப் பெட்ரீஷியா ஓர் ஓரமாக உட்கார்ந்து நால்வரையும் படம் வரைந்தாராம். அறுந்த தந்தி ஒன்று இரண்டு சங்கீத உலகங்களைக் கட்டிப் போட்டுவிட்டது. ஹாரிஸன் அந்த வீட்டுக்கு அடிக்கடி வரத் தொடங்கினார். 1966-ல் பண்டிட் ரவி சங்கரின் பரிச்சயம் கிட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்து அவரிடம் ஸிதார் பயின்றார்.

பெட்ரீஷியாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வயது எழுபதைத் தொட்ட பிறகு நாவல் எழுத ஆரம்பித்தார் அந்த அம்மாள். முதல் நாவல் 1985-ல் வெளிவந்தது. ‘இனிமேல் நமக்கு என்ன?’ என்று ஊஞ்சலில் சாய்ந்துவிடும் என்னைப் போன்றவர்கள் கவனிக்க!

ரோல்ஸ் ராய்ஸ் வந்தது

1966 ஏப்ரல் 11-ந் தேதி அனில் பாக்வத் என்ற தபலா வாசிப்பவருக்கு அங்காடியிடமிருந்து டெலிபோன் வந்தது. ஜார்ஜ் என்பவருக்கு இன்று சாயங்காலம் வாசிக்க முடியுமா என்று கேட்டார். எந்த ஜார்ஜ் என்பது பாக்வத்துக்குத் தெரியாது. சரி என்று ஒப்புக்கொண்டார். வாசலில் ரோல்ஸ் ராய்ஸ் கார் வந்து நின்றபோதுதான் விஷயம் பெரிது என்று புரிந்ததாம்!

அன்று பதிவான பாட்டு, ‘ரிவால்வர்’ என்ற இசைத் தட்டில் வெளியாயிற்று. தட்டின் உறையில் பாடியவர்கள் பெயரோடு ‘தபலா, அனில் பாக்வத்’ என்றும் அச்சடித்திருந்தார்கள். அது அவருக்குப் பெரிய சந்தோஷம். இருக்காதா பின்னே? கல்யாணப் பத்திரிகையில் தம் பெயர் விட்டுப் போனால் சம்பந்தியாகவே இருந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்களே!

கம்பளமும் ஊதுவத்தியும்

அடுத்த வருஷம், 1967 மார்ச் 15. அபே ரோடு கூடத்தில் தரையில் கம்பளம் விரித்தார்கள். விளக்கைக் குறைத்து ஊதுவத்தி ஏற்றினார்கள். ஆசிய இசை வட்டத்தின் மூலமாக வந்த வாத்தியக்காரர்கள் கம்பளத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்கள். தம்பூரா மீட்டினார்கள். தில்ருபா இழைந்தது. தபலா புறப்பட்டது. ‘வித்தின் யூ வித்தவுட் யூ’ என்ற பாட்டு உருவாயிற்று. மரக்காணத்தில் என் காதில் விழுந்தது இதுதான்.

நமக்குள்ளும் புறத்தும் இருப்பது ஒன்றே என்பதுதான் பாட்டின் சாரம். நம் வீட்டுத் திண்ணையில் பேசும் வேதாந்தந்தான். ரவி சங்கர் ஆல் இந்தியா ரேடியோவுக்காக அமைத்த நீண்ட இசை ஒன்றைக் கேட்டு, அதன் போக்கில் இதைக் கட்டியதாக ஹாரிஸன் பிற்பாடு சொன்னார். லண்டனில் ஒரு சிநேகிதர் வீட்டு விருந்தின்போது அங்கிருந்த ஆர்மோனியத்தில் இதன் மெட்டுப் பிறந்ததாம். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் கேட்டால் ஹரிகாம்போதியின் சாயல் என்பார்கள். நடுவே வாத்தியங்கள் மட்டும் பேசும் பகுதியில் தாளம் ஐந்தைந்தாக நடை போடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். பீட்டில்ஸ் பாட்டு என்று பெயரே தவிர, நால்வரில் ஹாரிஸன் ஒருவரைத் தவிர மற்ற மூவரும் இந்தப் பாட்டில் பாடவும் இல்லை, வாத்தியத்தைத் தொடவும் இல்லை.

வயலினுக்குக் கமகம்

ஏப்ரல் 3-ந் தேதி எட்டு வயலின்களும் மூன்று செல்லோக்களும் சேர்ந்தன. செல்லோ என்பது வயலினுக்குப் பெரிய அண்ணா. காலிடையில் நிறுத்தி வாசிக்கும் வாத்தியம். இங்கேதான் சங்கடம் வந்தது. தில்ருபாவோ ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. மேல்நாட்டு வயலின்காரர்கள் படிக்கட்டில் ஏறுவது போல் ஸ்வரம் ஸ்வரமாகப் போய்ப் பழகியவர்கள். அந்த வழுக்கலையும் குழைவையும் எப்படிக் காகிதத்தில் எழுதுவது? ஜார்ஜ் மார்ட்டின் படாத பாடு பட்டு எழுதினார். ஹாரிஸன் கூடவே நின்று இன்ன இடத்தில் இப்படி வளைய வேண்டும் என்று விளக்கினார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் சென்னைப் பக்கம் வெள்ளைக்காரரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக சங்கீதத்துக்குப் பழக்கினார் அல்லவா? சீமையிலிருந்து வந்த பெட்டிக்குக் கமகம் கற்றுக் கொடுத்த ஊர் நம் ஊர். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, லண்டனில் பதினொரு வித்வான்கள் அதே பாலபாடத்தை ஒரே நாளில் படிக்கவேண்டி வந்தது!

விடியற்காலையில் ஒரு பெண்

இதே தட்டில் இன்னொரு பாட்டு உண்டு. பெண்ணைப் பெற்றவர்கள் கேட்டால் நெஞ்சைப் பிசையும். ‘ஷீ இஸ் லீவிங் ஹோம்’ என்று பெயர். ஒரு பெண் விடியற்காலையில் கடிதம் ஒன்றை எழுதி வைத்துவிட்டு, ஓசைப்படாமல் பின்வாசல் வழியே வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். 1967 பிப்ரவரியில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி வீட்டை விட்டுப் போன செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு மெக்கார்ட்னி எழுத ஆரம்பித்தது இது. எதைக் கேட்டாலும் வாங்கிக் கொடுத்தோமே என்று பெற்றோர் திகைத்து நிற்கும் பகுதியை லென்னன் பாடுகிறார். பெண்ணின் பேரிலும் குற்றமில்லை, பெற்றவர்கள் பேரிலும் குற்றமில்லை என்கிற மாதிரி அமைந்திருக்கிறது பாட்டு. பணத்தால் வாங்க முடியாத ஏதோ ஒன்று அந்த வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

இந்தப் பாட்டில் நால்வரில் ஒருவர் கூட வாத்தியம் வாசிக்கவில்லை. முழுக்க முழுக்கத் தந்தி வாத்தியக் கோஷ்டிதான். பாட்டின் தொடக்கத்தில் ஜலதரங்கம் போலச் சொட்டுச் சொட்டாக விழுகிறதே, அது ஹார்ப் என்ற வாத்தியம். வாசித்தவர் ஷீலா பிராம்பர்க் என்ற பெண்மணி. பீட்டில்ஸ் இசைத் தட்டு ஒன்றில் வாத்தியம் வாசித்த முதல் பெண் இவர்தான். மார்ச் 17-ந் தேதி ராத்திரி வெகு நேரம் வரை ‘இப்படி வேண்டாம், வேறு மாதிரி’ என்று மெக்கார்ட்னி திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாராம். கடைசியில் தட்டில் வந்தது என்னவோ முதலில் வாசித்ததுதான்! அன்றைய சம்பளம் 9 பவுன். அந்த அம்மாள் 2021-ல் காலமானார். வாழ்நாள் முழுவதும் எத்தனையோ பெரிய சங்கீதக் குழுக்களில் வாசித்திருந்தும், உலகம் தம்மை அந்த நாலு நிமிஷத்துக்காகத்தான் நினைவு வைத்திருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்வாராம்.

அவர் பெயரும் அன்று உறையில் இல்லை.

லண்டனில் ஒரு கொலு

உறை என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தத் தட்டின் மேலுறையைப் பார்த்தால் நமக்கு நவராத்திரிதான் நினைவுக்கு வரும். முன்னால் பூக்களால் எழுதிய பெயர். நடுவே பளபளக்கும் பாண்டு உடுப்பில் நால்வர். பின்னால் வரிசை வரிசையாக விஞ்ஞானிகள், எழுத்தாளர்கள், சினிமா நட்சத்திரங்கள், குத்துச் சண்டைக்காரர்கள் என்று அட்டையில் வெட்டிய ஆளுயரப் படங்கள். அங்கங்கே மெழுகுப் பொம்மைகள். கீழே பூந்தொட்டியோரம் நாலு கைகளோடு நம் மகாலட்சுமி பொம்மை ஒன்று! பீட்டர் பிளேக்கும் அவருடைய அப்போதைய மனைவி ஜேன் ஹாவொர்த்தும் சேர்ந்து வைத்த கொலு இது. 1967 மார்ச் 30-ல் படம் பிடித்தார்கள்.

ஹாரிஸன் தம் பங்குக்கு நாலு இந்திய மகான்களின் படத்தைக் கொடுத்தார். யுக்தேஸ்வர், லாஹிரி மஹாசயர், பரமஹம்ஸ யோகானந்தர், மகாவதார் பாபாஜி. இந்தப் பாபாஜி பிறந்தது நம் பரங்கிப்பேட்டையில் என்று நம்புகிற அடியார்கள் உண்டு. அங்கே அவருக்குக் கோயிலும் இருக்கிறது. மரக்காணத்திலிருந்து இதே கடற்கரையோடு தெற்கே போனால் புதுச்சேரி, கடலூர், அதற்கப்புறம் பரங்கிப்பேட்டை.

கொலுவில் வைத்த ஒரு படத்தை மட்டும் பிற்பாடு எடுத்துவிட்டார்கள். யாருடையது தெரியுமா? காந்தி மகானுடையது! இ.எம்.ஐ. கம்பெனியின் தலைவர் ஸர் ஜோஸப் லாக்வுட், காந்திஜியை இந்தக் கூட்டத்தில் நிறுத்தினால் இந்தியாவில் மனம் புண்படும், வியாபாரம் கெடும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டமில் அந்தக் கம்பெனிக் குழுவுக்குத் தொழிற்சாலை இருந்தது. நாய் படம் போட்ட நம் வீட்டுத் தட்டுகளெல்லாம் அங்கே அச்சானவைதான். 1930-ல் தண்டிக் கடற்கரையில் ஒரு பிடி உப்பை அள்ளிச் சாம்ராஜ்யத்தை ஆட்டியவரின் படம், உப்புப் பொட்டலத்தில் பெயர் எடுத்த தட்டிலிருந்து மறைந்தது இப்படித்தான்.

முகத்தைப் போட அனுமதி கேட்டு எழுதியபோது, லியோ கார்ஸி என்ற அமெரிக்க நடிகர் 400 டாலர் கேட்டார். கட்டாது என்று அவர் படத்தையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் மேலுறைக்கு மொத்தத்தில் ஆன செலவு ஏறத்தாழ 3000 பவுன்! அந்தக் காலத்தில் சாதாரணமாக ஓர் உறைக்கு ஐம்பது பவுன் ஆனாலே அதிகம்.

பின்னட்டையில் எல்லாப் பாட்டுக்களையும் முழுசாக அச்சடித்திருந்தார்கள். அது ஒரு புதுமை. ஆனால் கம்பளத்தில் உட்கார்ந்து வாசித்த நம்மவர்களின் பெயருக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. ‘ரிவால்வர்’ தட்டில் தபலாக்காரருக்குக் கிடைத்த அந்த ஒரு வரி இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மயக்கமும் தெளிவும்

தட்டு அமோகமாக விற்றது. அமெரிக்காவில் 15 வாரம் முதலிடத்தில் இருந்தது. 1968-ல் அந்த நாட்டின் கிராமி பரிசுகள் நாலு கிடைத்தன. ஆண்டின் சிறந்த இசைத் தட்டு என்ற பரிசு ராக் சங்கீதத்துக்குப் போனது அதுவே முதல் தடவை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த மாதிரி இசைக்குச் சைகடெலிக் என்று பெயர் வைத்தார்கள். புத்தியை மயக்கும் மருந்துகளைச் சாப்பிட்டவர்களுக்கு உலகம் எப்படி நெளிந்தும் ஜொலித்தும் தோன்றுமோ அதைச் சத்தத்தில் காட்டுகிற முயற்சி என்று அர்த்தம். நால்வரும் அந்த மருந்தைத் தொட்டவர்கள்தான். மருந்தின் வாடை அடிக்கிறது என்று பி.பி.சி. ரேடியோ கடைசிப் பாட்டை ஒலிபரப்ப மறுத்துவிட்டது. நம் சங்கீதத்தை அந்தக் கூட்டத்தோடு சேர்த்துப் பேசியது ரவி சங்கருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எங்கள் இசை பூஜை மாதிரி, மயக்கத்தோடு கேட்க வராதீர்கள் என்பது அவர் கட்சி. ஹாரிஸனும் 1967 ஆகஸ்டில் ஸான் பிரான்ஸிஸ்கோவில் தெருத் தெருவாக மயங்கிக் கிடந்த இளம் பிள்ளைகளை நேரில் பார்த்து அதிர்ந்து போய், அந்த வழியை வெறுத்து விலகினார். 1968-ல் நால்வரும் ரிஷிகேசத்துக்கு வந்து தியானம் பழகியது தனிக் கதை. 1970-ல் கோஷ்டி கலைந்தது. லென்னன் 1980-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹாரிஸன் 2001-ல் மறைந்தார்.

ஹாரிஸனுக்கு நம் சங்கீதத்தின் மேலிருந்த பக்தி மட்டும் மாறவே இல்லை. 1974-ல் ரவி சங்கரின் கோஷ்டியை ஐரோப்பாவுக்கு அழைத்து, தட்டும் பதிவு செய்தார். பிறகு தம்முடன் அமெரிக்கா முழுவதும் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் கோஷ்டியில் மிருதங்கத்துடன் டி.வி. கோபாலகிருஷ்ணன் இருந்தார், வயலினுடன் எல். சுப்பிரமணியம் இருந்தார். தென்னிந்தியக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் பரதநாட்டியம் பயின்று, பிறகு ஹிந்துஸ்தானிப் பாடகியாகப் புகழ் பெற்ற லட்சுமி சங்கர் இருந்தார். இந்தத் தடவை எல்லோர் பெயரும் தட்டில் ஒழுங்காக இடம் பெற்றது.

ஐம்பது வருஷம் கழித்து

சரி, நான் கேட்ட கேள்விக்குப் பதில்? அந்தத் தபலாக்காரர் யார்?

அதற்கு உலகம் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2017-ல் தட்டுக்கு ஐம்பது வயது நிறைந்தபோது, லிவர்பூல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பிடித்தார்கள். தபலா வாசித்தவர் நட்வர் ஸோனி. தம்பூரா மீட்டியவர் புத்ததேவ் கன்ஸாரா. தில்ருபா வாசித்தவர்கள் அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜார். நாலே பேர். பாடியவர்களும் நாலு பேர், வாசித்தவர்களும் நாலு பேர்! முதல் நால்வரின் பெயர் உலகத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இரண்டாவது நால்வரின் பெயர் தெரிய ஐம்பது வருஷம் ஆயிற்று.

பேத்தியை அழைத்து இந்த நாலு பெயரையும் சொன்னேன். “வீட்டுக்கு ஒரு நிஜமான இசைத் தட்டு வாங்கி வா, உறையின் உட்பக்கம் நான் எழுதி வைக்கிறேன்” என்றேன். சிரித்தாள். ஆனால் வாங்கி வந்தாள். எழுதியும் வைத்துவிட்டேன், ஷீலா பிராம்பர்க்கையும் சேர்த்து.

எயிற்பட்டினத்துப் பாணன்

மரக்காணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊர் வருகிறது. அது இன்றைய மரக்காணமே என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். யாழைத் தூக்கிக்கொண்டு வள்ளலைத் தேடி நடந்த ஒரு பாணனுக்கு வழி சொல்லுகிற பாட்டு அது. வள்ளல் நல்லியக்கோடன் என்று பெயர் தெரிகிறது. பாடிய புலவர் நத்தத்தனார் என்றும் தெரிகிறது. யாழ் வாசித்த பாணன்? அவன் வெறும் பாணன்தான். அவனுக்குப் பெயர் இல்லை.

அதே மரக்காணத்தருகேதான் பக்கிங்ஹாம் கால்வாயும் வந்து முடிகிறது. சென்னை கவர்னராயிருந்த பிரபுவின் பெயர் அது. 1877-78 பஞ்சத்தில் சென்னைப் பகுதியில் அதற்காக வயிற்றுக் கூலிக்கு மண் வெட்டியவர்களின் பெயர் எந்தக் கரையிலும் இல்லை.

திரும்பி வரும்போது மரக்காணத்தில் காரை நிறுத்தச் சொன்னேன். சாலையோரத்தில் கல்லுப்பு விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் இரண்டு படி வாங்கிக்கொண்டேன். புறப்படும்போது அந்த அம்மாளின் பெயரைக் கேட்டேன். இதை எதற்குக் கேட்கிறாள் இவள் என்று ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு சொன்னாள்.

அந்தப் பெயரை இங்கே அச்சிடப் போவதில்லை. அதற்கு அவள் அனுமதியை நான் கேட்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டு உப்பு ஜாடியின் மேல் சின்னதாக ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். தினமும் குழம்புக்கு உப்புப் போடும்போது ஒரு தடவை படிக்கிறேன்.